ஏழு கப்பல் கேட்டவருக்குப் பத்து கப்பல்

தீவுகளைப் பற்றிப் பேசியே வயிறு வளர்த்தவள் நான். ஒரு தீவையும் கண்ணால் கண்டதில்லை. அரியலூரில், சிமெண்ட் லாரிகள் போகிற சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே, மாடி அறையில் உட்கார்ந்துகொண்டு, இந்தியப் பெருங்கடலில் எங்கோ கிடக்கும் ஊர்களுக்கு எந்த எரிபொருளை எந்தக் கப்பலில் கொண்டுபோனால் மின்சாரம் மலிவாகும் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பது என் வேலை. எங்கள் தெருவில் வாரத்துக்கு இரண்டு முறையாவது கரண்ட் போகும். இன்வெர்ட்டர் தயவில் நான் தீவுகளுக்கு வெளிச்சம் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

திருச்சியில் பி.காம். முடித்து, சென்னையில் கப்பல் வாடகை பேசிக் கொடுக்கும் ஆபீஸ் ஒன்றில் ஆறு வருடம் இருந்தேன். கணவருக்கு அரியலூரில் சிமெண்ட் ஆலை வேலை, அதனால் கல்யாணத்துக்குப் பிறகு இங்கே வந்து சேர்ந்தேன். கொரோனா எல்லாரையும் வீட்டுக்குள் உட்காரவைத்த சமயத்தில் ஓர் ஆலோசனை நிறுவனம் என்னை வீட்டிலிருந்தபடியே வேலைக்கு எடுத்துக்கொண்டது. ஆலோசனை நிறுவனம் என்றால் வேறொன்றுமில்லை, ஒருத்தன் ஊரைப் பற்றி அவனுக்கே எடுத்துச் சொல்லி அதற்குக் கூலி வாங்குகிற கடை. அந்தக் கூலியும் அவன் ஊர் மக்கள் கட்டுகிற வரியிலிருந்து வரும். இதைச் செய்ய எங்களுக்கு வாய் கூசியதே இல்லை.

என் மேலாளர் சென்னையில் இருந்தார். கப்பலைப் பற்றி அவருக்குத் தெரிந்தது, அது தண்ணீரில் போகும் என்பது வரைக்கும்தான். ஆனால் படம் போடுவதில் கெட்டிக்காரர். அறிக்கையின் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு தென்னை மரம், நீலக் கடல், குதிக்கும் டால்பின். எரிவாயு என்ற சொல்லுக்குப் பக்கத்தில் டால்பின் குதிக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. "நம்பரை யாரும் படிக்க மாட்டாங்க, ஃபீல்தான் முக்கியம்" என்பார். ஒருநாள் எரிச்சலில், "எரிவாயு கசிந்தால் முதலில் சாகிறது அந்த டால்பின்தான் சார்" என்றேன். அவர் அதை நகைச்சுவையாக எடுத்துக்கொண்டு, அடுத்த பக்கத்துக்கு ஓர் ஆமையைத் தேடப் போனார்.

தொழில் இதுதான். இயற்கை எரிவாயுவை அப்படியே கப்பலில் ஏற்ற முடியாது, இடத்தை அடைக்கும். அதனால் பூஜ்யத்துக்குக் கீழே நூற்று அறுபது டிகிரிக்குக் குளிரவைத்துத் திரவமாக்குகிறார்கள். அறுநூறு பங்கு இடம் பிடித்தது ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அதற்கென்றே செய்த கப்பலில் ஏற்றி அனுப்புவார்கள். எவ்வளவு பொத்திப் பொத்திக் கொண்டுபோனாலும் வழியில் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும். பெரம்பலூர்ப் பக்கத்து ஆளுக்கு இதை விளக்க ஒரு நிமிடம் போதும். பட்டறை என்கிற ஓலைக் கொட்டிலில் போட்டு வைத்த சின்ன வெங்காயம் நாளுக்கு நாள் எடை இறங்குகிற மாதிரிதான். விலை ஏறட்டும் என்று காத்திருக்கிறவன் கண்ணெதிரிலேயே சரக்கு குறையும். கப்பலும் துறைமுகத்துக்கு வெளியே நின்று காத்திருக்க முடியாது.

பெரிய நாட்டுக்கு இதெல்லாம் கட்டுப்படியாகும். சின்னத் தீவுக்கு எரிவாயுவின் விலையைவிட அதைச் சுற்றி வருகிற சாமான்களின் விலைதான் கழுத்தை நெரிக்கும். இரண்டு குடம் தண்ணீர் வேண்டியவன் டேங்கர் லாரியைக் கூப்பிட்டது போல. லாரிக்காரன் இரண்டு குடத்துக்கு மட்டும் வாடகை வாங்க மாட்டான். மீதியை ஊற்றிவைக்கத் தொட்டி கட்ட வேண்டும், லாரி வாசல் வரை வர ரோடு போட வேண்டும். தீவிலும் அப்படித்தான். கப்பல் வந்து நிற்கப் பாலம் வேண்டும், அலை தடுக்கக் கல் கொட்ட வேண்டும், குளிர் போகாத தொட்டி வேண்டும், திரவத்தை மறுபடி வாயுவாக்க ஒரு நிலையம் வேண்டும். வருடத்துக்கு ஒரு கப்பல் வந்தாலும் இத்தனையும் வேண்டும், நூறு கப்பல் வந்தாலும் இதேதான் வேண்டும்.

எங்களிடம் வந்த தீவு டீசலில் ஓடிக்கொண்டிருந்தது. புகை, சத்தம், கைக்கு மிஞ்சிய செலவு. டீசலை விட்டு எரிவாயுவுக்கு மாறலாமா என்று பார்த்துச் சொல்வது எங்கள் பொறுப்பு. அந்த ஊர் மின் நிலையத்தின் தலைமைப் பொறியாளர்தான் எங்களோடு பேசுகிறவர். ஓய்வுபெற நான்கு வருடம் இருந்த மனிதர். வீடியோ அழைப்பில் எப்போதும் அரைக்கைச் சட்டை, பின்னால் ஓடாத ஒரு மின்விசிறி. ஆங்கிலத்தை எண்ணி எண்ணிப் பேசுவார். என்னை மேடம் என்பார். என் மேலாளரை எதுவும் சொல்லிக் கூப்பிட மாட்டார்.

முதல் வாரமே அவரிடமிருந்து நான்கு வரியில் ஒரு மின்னஞ்சல் வந்தது. வருடத்துக்கு ஏழு கப்பல் போதும். அதற்கு மேல் எங்களுக்கு வேண்டாம். கூரையில் சூரியத் தகடு போடுகிறவர்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள். ஏழில் கட்டுப்படியாகாது என்றால் அதையே எழுதிக்கொடுங்கள், டீசலிலேயே இருந்துகொள்கிறோம்.

இதைப் படித்ததும் எனக்கு வந்தது மரியாதை அல்ல, இளக்காரம். ஐயோ பாவம், பேரம் பேசவே தெரியாத மனுஷன் என்று நினைத்தேன். ஏழு வேண்டும் என்று எடுத்த எடுப்பில் ஏழையே சொல்கிறாரே, இவரெல்லாம் எப்படித் தலைமைப் பொறியாளர் ஆனார் என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பு எங்கே கற்றது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

என் அப்பா பெரம்பலூர்ப் பக்கம் பூலாம்பாடியில் மக்காச்சோளம் போடுகிறவர். மேலுரம் போடுகிற சமயம் யூரியாவுக்குத் தட்டுப்பாடு வந்துவிடும். கூட்டுறவு சொசைட்டியில் வரிசை நிற்கும். அப்பாவுக்கு வேண்டியது ஆறு மூட்டை. கேட்பது பத்து. செயலாளர் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்து, "பத்தெல்லாம் எங்க போறது, ஆறு வாங்கிக்கங்க" என்பார். அப்பா நாலு வார்த்தை முனகிவிட்டு ஆறை வாங்கிக்கொண்டு வருவார். ஆறு வேண்டும் என்பது செயலாளருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது அப்பாவுக்கும் தெரியும். ஆனாலும் முனகலை ஒருநாளும் விட்டதில்லை. ஒருமுறை நான் கூடப் போயிருந்தபோது, ஆறே கேட்டால் என்ன என்று கேட்டேன்.

"ஆறுன்னு கேட்டா நாலுதான் குடுப்பான் பாப்பா. பத்துன்னு கேட்டாதான் ஆறுக்கு வருவான். குறைக்கறதுக்குத்தான அவனுக்குச் சம்பளமே?"

யூரியாவோடு நிற்கிறதா என்றால் இல்லை. ஒரு கிலோமீட்டர் ரோடு வேண்டும் என்றால் மனுவில் இரண்டு என்று எழுதுவோம். ஒருநாள் லீவு வேண்டும் என்றால் மூன்று நாள் கேட்போம். குறைக்கிறவன் ஒருத்தன் எதிரே உட்கார்ந்திருப்பான் என்ற நம்பிக்கையில்தான் எங்கள் ஊரில் எல்லாரும் வாயைத் திறக்கிறார்கள். ஒரு கவுன்ட்டருக்கு முன்னால் நின்று நிஜமான எண்ணைச் சொல்ல என்னைப் பெற்றவர்கள் எனக்குப் பழக்கவில்லை.

ஆகவே அட்டவணையில், ஏழு இருக்க வேண்டிய கட்டத்தில் பத்து என்று தட்டினேன். யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. விற்கிற கம்பெனிக்காரன் பத்தைப் பார்த்துவிட்டு ஏழு, எட்டு என்று இறங்கி வருவான், தீவுக்கு நல்லது செய்கிறோம் என்றே நம்பினேன். விற்கிறவன் ஏன் குறைப்பான்? யூரியாவைப் போல அவனிடம் சரக்குக்கா பஞ்சம்? இது சின்னப் பிள்ளைக்கும் தோன்றியிருக்கும். ஆறு வருடம் கப்பல் கணக்கில் புரண்ட எனக்குத் தோன்றவில்லை.

பத்து என்று தட்டிய மறுநொடி கீழே இன்னொரு கட்டம் மாறியது. பாலம், தொட்டி, நிலையம் எல்லாவற்றின் செலவையும் ஏழு கப்பலுக்குப் பங்கிட்டால், ஒரு யூனிட் மின்சாரம் டீசலைவிட விலை கூடும். பத்துக்குப் பங்கிட்டால் டீசலைவிடக் குறையும். அந்தத் திட்டத்தின் உயிரே அந்த ஒரு கட்டத்தில் இருந்தது. ஏழு என்றால் திட்டமே கிடையாது. பத்து என்றால் பாலம் கட்டுகிறவனுக்கு வேலை, கப்பல்காரனுக்கு வாடகை, தீவின் அமைச்சருக்குத் திறப்பு விழா, எங்களுக்கு அடுத்த தீவு.

அட்டவணையை அனுப்பிய அன்றே மேலாளர் போன் செய்தார். "சூப்பர்! இதத்தான் நான் எதிர்பாத்தேன். நம்பர் பேசுது பாருங்க!" எண்களைப் படிக்கவே மாட்டார்கள் என்று சொன்ன அதே வாய்தான். இது பேரத்துக்காகப் போட்ட எண், கடைசியில் குறையும் என்றேன். "பாத்துக்கலாம்" என்றார். ஆபீஸ் பாஷையில் அதற்குப் பொருள், பார்க்கவே மாட்டோம் என்பது.

மறுநாள் பொறியாளர் கூப்பிட்டார். அட்டவணையை வரிக்கு வரி படித்தவர் அவர் ஒருத்தர்தான்.

"மேடம், நான் ஏழு என்று எழுதியிருந்தேன். இங்கே பத்து இருக்கிறது. ஏதாவது காரணம் உண்டா?"

"அது பேச்சுவார்த்தைக்காக. நாம் பத்து கேட்டால் அவர்கள் குறைத்துக்கொண்டு வருவார்கள். கடைசியில் ஏழில்தான் நிற்கும்."

"நிச்சயமாகவா?"

"எப்போதும் அப்படித்தான் நடக்கும்."

எப்போதும் என்று நான் சொன்னது எந்த எப்போதை? பூலாம்பாடி சொசைட்டியில் நடந்ததைத்தான் உலக வழக்கம் போல அந்த மனிதரிடம் எடுத்துவிட்டேன். அவர் அட்டவணையை மறுபடி ஒருமுறை பார்த்தார். பிறகு, "கப்பல் விஷயம் உங்களுக்குத்தான் தெரியும். நான் இயந்திரம் ஓட்டுகிறவன்" என்று சொல்லி, பத்து என்று எழுதிய பக்கத்தின் அடியில் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.

இரண்டு மாதம் கழித்து விற்பவர்களின் ஒப்பந்த வரைவு வந்தது. பத்து கப்பல், இருபது வருடம். ஒரு கப்பல்கூடக் குறைக்கவில்லை. கேட்டதை அப்படியே தந்தார்கள், புன்னகையோடு. சரக்கை எடுத்தாலும் பணம், எடுக்காவிட்டாலும் பணம் என்ற பிரிவு நடுப்பக்கத்தில் சாதுவாக உட்கார்ந்திருந்தது. கையெழுத்தாக ஒரு வாரம் இருந்தது.

மேலாளரிடம் சொன்னேன். "அவங்க ஒத்துக்கிட்டாங்க, மினிஸ்டர் ஒத்துக்கிட்டாரு. நாம ஏன் நடுவுல பூந்து கெடுக்கணும்?" என்றார். பொறியாளருக்கு நேரே எழுதலாம் என்று ஒரு மின்னஞ்சல் தட்டினேன். பத்தை ஏழாக மாற்றச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கையெழுத்துப் போடவிடாதீர்கள், தவறு என்னுடையது. அனுப்பவில்லை. அந்த மாதம் பதவி உயர்வுப் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. காரணம் அவ்வளவுதான். பெரிய மனப் போராட்டமெல்லாம் நடந்தது என்று இங்கே எழுதி உங்கள் காதில் பூச்சுற்ற விருப்பமில்லை.

பதவி உயர்வு வந்தது. வருடம் இரண்டு ஓடி, முதல் கப்பல் தீவுக்கு வந்த நாளில் மேலாளர் எனக்குப் புகைப்படம் அனுப்பினார். அமைச்சர், பேண்டு வாத்தியம், மாலை போட்ட கப்பல். பொறியாளர் ஓர் ஓரத்தில் அதே அரைக்கைச் சட்டையில் நின்றிருந்தார். அவர் கேமராவைப் பார்க்காமல் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அவர் சொன்னதுதான் நடந்தது. கூரைகளில் தகடு பெருகியது, நிலையத்தின் வேலை குறைந்தது. அந்த வருடம் ஏழாவது கப்பல் வந்தபோதே தொட்டியில் இடமில்லை. எட்டும் ஒன்பதும் பத்தும் வரவே இல்லை. ஆனால் அந்த மூன்றுக்கும் தீவு பணம் கட்டியது. அதே சரக்கைக் கம்பெனிக்காரன் வேறெங்கோ விற்று அங்கேயும் வாங்கிக்கொண்டிருப்பான். வராத கப்பலின் விலை வீடு வீடாக மின் கட்டண ரசீதில் ஏறியது. ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள். திறப்பு விழாவில் மாலை வாங்கிய அமைச்சர் ஒரு விசாரணைக் குழு அமைத்தார். குழு தேடியது ஒரே ஒரு விஷயத்தை, பத்து என்று எழுதியது யார். கோப்பில் அந்தப் பக்கத்தின் அடியில் இருந்தது பொறியாளரின் கையெழுத்து.

அவருடைய மின்னஞ்சல் ஒரு திங்கட்கிழமை காலை வந்தது. ஏழு என்று முதலில் எழுதிய நான், பிறகு கம்பெனியிடம் கை நீட்டி எண்ணை ஏற்றிவிட்டேன் என்று குழு சந்தேகிக்கிறது. நிரூபணமாகிவிட்டால் ஓய்வூதியம் போய்விடும். இன்னும் இரண்டு மாதத்தில் ஓய்வு. பத்து என்ற எண் யாருடையது, எதற்காகப் போடப்பட்டது என்பதை ஒரு வரியில் எழுதித் தர முடியுமா மேடம்? அவ்வளவுதான் கேட்டிருந்தார். குற்றம் சொல்லி ஒரு சொல் இல்லை. என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

கணவரிடம் காட்டினேன். ஷிப்ட் முடிந்து வந்து, தலையில் சிமெண்ட் தூசியோடு நின்றபடியே படித்தார்.

"நீதான போட்ட?"

"ஆமாங்க."

"அப்பறம் என்ன யோசனை? போட்டேன்னு எழுதிக் குடு. வேலை போனா போவுது, வூடு நடத்த என் சம்பளம் பத்தாதா? ஒரு மனுசன் முப்பது வருசம் ஒழைச்சதும்மா அது."

எழுதினேன். ஏழு என்று அவர் தெளிவாகச் சொன்னார், பத்து என்று மாற்றியது நான், அவர் கேட்டபோது குறையும் என்று உறுதி சொன்னதும் நான். மூன்று வரி. எழுதி முடித்தபோது சில வருடங்களாக இல்லாத ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியிலேயே அதை நேரே அவருக்கு அனுப்பியிருக்க வேண்டும். ஒழுங்கான உத்தியோகஸ்தியாக மேலாளருக்கு அனுப்பிவைத்தேன்.

மேலாளர் அதை வக்கீலிடம் கொடுத்தார். இரண்டு நாளில் நிறுவனத்தின் கடிதத் தாளில் திரும்பி வந்தது. என்னுடைய மூன்று வரி ஒரு முழுப்பக்கமாகிவிட்டிருந்தது. அதில் நான் என்ற சொல்லே இல்லை. பத்து கப்பல் என்ற மதிப்பீடு இரு தரப்பும் கலந்து பேசி, அன்றைய சூழலைக் கருதி, கூட்டாக எடுத்த முடிவு என்று இருந்தது. நல்லவேளை, டால்பின் இல்லை.

"கம்பெனி லெட்டர்ல 'நான் போட்டேன்'னெல்லாம் எழுத முடியாதுங்க" என்றார் மேலாளர். "இதுவே அவருக்கு எவ்வளவோ ஹெல்ப். சைன் பண்ணி அனுப்பிடுங்க."

"கூட்டா எதுவும் முடிவு பண்ணலையே சார். அவர் ஏழுன்னுதான சொன்னாரு?"

"அப்பறம் சைன் பண்ணாரு இல்ல? அப்ப கூட்டுதான?"

கணவர் அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். "இத அனுப்பறதுக்கு எதையும் அனுப்பாம இருக்கலாம். உன் சொந்த மெயில்லேருந்து அந்த மூணு வரிய அனுப்பு" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். அவர் குளித்துவிட்டு வருவதற்குள் நான் நிறுவனத்தின் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டேன். வந்தவர் கேட்டார். அனுப்பிவிட்டேன் என்றேன். எதை என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஆறு வாரம் கழித்துப் பொறியாளரின் பதில் வந்தது. உங்கள் கடிதத்தைக் குழு ஏற்றுக்கொண்டது. பணம் வாங்கினேன் என்ற பேச்சு போய்விட்டது. கூட்டு முடிவு என்று நீங்கள் எழுதியிருந்ததால் என் பங்குக்கான தவறு என்று வைத்து, ஓய்வூதியத்தில் பாதியைக் கொடுக்கிறார்கள். உங்கள் கடிதம் இல்லாவிட்டால் அதுவும் இருந்திருக்காது. இத்தனை வருடம் கழித்தும் எனக்காக எழுத முன்வந்த உங்கள் நேர்மைக்கு நன்றி. என் மனைவியும் நன்றி சொல்லச் சொன்னாள்.

குத்திக்காட்டுகிறாரோ என்று மூன்று முறை படித்தேன். இல்லை. ஏழு வேண்டும் என்றால் ஏழு என்றே எழுதுகிற மனிதர் அவர். நன்றி என்று எழுதியிருந்தால் அது நன்றிதான். மேலாளரையும் கம்பெனிக்காரனையும் அமைச்சரையும் நான் எத்தனையோ முறை வாய் ஓயாமல் கேவலமாகப் பேசியிருக்கிறேன். அவர்களில் ஒருவருக்கும் அந்த மனிதர் நன்றி எழுதவில்லை. எனக்குத்தான் எழுதியிருந்தார். அந்த மூன்று வரி இன்னமும் என் கணினியில்தான் இருந்தது, அப்போதுகூட அனுப்பியிருக்கலாம். உங்கள் ஓய்வுக்காலம் இனிதாக அமைய வாழ்த்துகள் என்று தட்டி அனுப்பினேன்.